செவலையின் ஏழாம் மாசம்

கறவை மாடுகளின் கருவளப் பெருக்கக் கழகம் என்று ஒன்று இருந்தது. நாலு மாடிக் கட்டடம், நாற்பத்தெட்டு அலுவலர், ஒரு லிஃப்ட். மாடு மட்டும் கிடையாது. மாடு வந்தால் தரை வழுக்கும் என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள். மாட்டைப் பற்றிய தாள்கள் மட்டும் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தாள் சாணி போடாது.

ஒத்தமாட்டுக்காரர் அந்தக் கட்டடத்துக்குள் காலை வைக்க நேர்ந்ததற்குக் காரணம் அவருடைய ஒரே மாடு செவலை. கன்று போட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மூன்று தடவை சினை ஊசி போட்டும் தங்கவில்லை. அப்புறம் பருவத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டது. எட்டு லிட்டர் கறந்த மடி மூன்று லிட்டருக்கு இறங்கிவிட்டது. சினை பிடிக்காத மாட்டுக்கு வைக்கோல் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. மாட்டுத் தரகர் வாரம் ஒரு முறை அந்தப் பக்கம் வந்து, செவலையின் இடுப்பெலும்பைக் கண்ணாலேயே எடைபோட்டுவிட்டு, "எப்பன்னு சொல்லுங்க, வண்டி ரெடி" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் வண்டி எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டியில் ஏறிய மாடு எதுவும் திரும்பி வந்ததில்லை.

"என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் அவர் பெண்டாட்டி.

அவளுடைய தம்பிதான் கழகத்தின் சினை ஊசிக்காரன். வீட்டில் சின்னவன். அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயசு. இடுப்பில் தூக்கிச் சோறு ஊட்டி வளர்த்தது அக்காதான். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். கழகத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். ஆயிரக்கணக்கான மாட்டுக்குள் கையை விட்டிருக்கிறான், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

"மாமா, சரியான நேரத்துலதான் கேட்டீங்க" என்றான் சின்னவன். "புதுத் திட்டம் வருது. தாது உப்புப் பொட்டலம் ஒண்ணு, மூலிகைப் பொட்டலம் ஒண்ணு. அறுபது நாள் குடுத்தா மலட்டு மாடும் சினை பிடிக்கும். செவலை பேரைச் சேர்த்துட்டேன்."

"பொட்டலம் சரி மச்சான், அதைக் குடுக்கிறவன் சரியா?"

"நான்தானே குடுக்கறேன்!"

அதற்கு மேல் சந்தேகப்பட ஒத்தமாட்டுக்காரருக்கு வாய் வரவில்லை.

பொட்டலம் கைக்கு வருவதற்கு முன்னால் மூன்று நாள் வகுப்பு. நிபுணர் ஒருவர் பலகையில் மாட்டை வரைந்தார். வரைந்து முடித்துப் பார்த்தார். அவருக்கே சந்தேகம் வந்து கீழே 'மாடு' என்று எழுதினார். மூன்றாம் நாள் கழக இயக்குநர் வந்து பேசினார். "இதுவரை நீங்கள் மாட்டுக்குக் கொடுத்தது தீனி. இனிமேல் கொடுக்கப்போவது திட்டம். தீனி மாட்டின் வயிற்றுக்குள் போகும். திட்டம் கோப்புக்குள் போகும். எது நீண்ட நாள் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்" என்றார். கைதட்டினார்கள். எல்லாரும் வலது கையை நீட்டி, 'என் மாடு சினை பிடிக்க என்னால் ஆனதைச் செய்வேன்' என்று உறுதிமொழி எடுத்தார்கள். பின்வரிசையில் ஒருவர் "நம்மளால என்னய்யா ஆகும்?" என்று கேட்டு வெளியே அனுப்பப்பட்டார்.

பொட்டலம் நல்ல பொட்டலம். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தினம் ஐம்பது கிராம் தாது உப்பைத் தவிட்டில் கலந்து கொடுத்தார்கள். கையேட்டில் போட்டிருந்தபடி ஐந்து நாள் முள்ளங்கி, நாலு நாள் கற்றாழை, அதற்கப்புறம் கீரையும் மஞ்சளும் மூலிகைப் பொடியும். கற்றாழைக் கசப்புக்குச் செவலை தலையை உதறி ஒத்தமாட்டுக்காரரின் சட்டையில் துப்பியது. பெண்டாட்டி அதை வெல்லத்தில் பொதிந்து, உப்பு தொட்டு, நாக்குக்குப் பின்னால் கையை விட்டு ஊட்டினாள்.

"தம்பிக்கு ஊட்டின மாதிரியே ஊட்டறே" என்றார் இவர்.

"அவன் கடிப்பான். இது பரவாயில்ல."

நாற்பதாம் நாள் செவலையின் மயிர் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கியது. ஐம்பத்திரண்டாம் நாள் விடியலில் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால், வால் ஒதுங்கி, கண்ணாடிக் கயிறு மாதிரி ஒழுக்கு தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாசம் கழித்துப் பருவத்துக்கு வந்துவிட்டது! பெண்டாட்டி ஈரக் கையோடு நின்று சிரித்தாள். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி. ஒரு நாள் தாண்டினால் போச்சு.

சின்னவனுக்குப் போன் போட்டார்.

"மாமா, நான் பயிற்சியில இருக்கேன். எல்லா ஊசிக்காரங்களையும் மூணு நாளைக்குக் கூட்டி வந்துட்டாங்க."

"என்ன பயிற்சி?"

"மாடு பருவத்துக்கு வந்ததைத் தவறவிடாம இருக்கறது எப்படின்னு."

அந்தப் பருவம் தவறிப்போனது.

வேறு வழியில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கழகம், இனம் கெடுகிறது என்று சொல்லி, சுற்றுவட்டாரத்தில் இருந்த காளை அத்தனைக்கும் காயடித்துவிட்டது. உறைவிந்துக் குடுவை கழகத்திடம் மட்டும்தான் இருந்தது. மாடு தாயாக வேண்டுமானால் நாலு மாடியின் தயவு வேண்டும்.

அறுபதாம் நாள் சின்னவன் படிவத்தோடு வீட்டுக்கு வந்தான். இரண்டே கட்டம். ஒன்றில் 'சினை' என்று இருந்தது. இன்னொன்றில் 'சினை இல்லை (உரிமையாளரின் அலட்சியம்)'.

"பருவத்துக்கு வந்துச்சு, ஊசி போட ஆள் வரலை. அதுக்குக் கட்டம் எங்கே?" என்றார் ஒத்தமாட்டுக்காரர்.

"அந்தக் கட்டம் அச்சடிக்கலை மாமா."

"அப்ப?"

"ரெண்டாவதைப் போட்டா உங்களைத் திட்டத்துலேருந்து தூக்கிடுவாங்க. பொட்டலமும் நிக்கும், ஊசியும் நிக்கும். முதல் கட்டத்தைப் போட்டுடறேன். இன்னும் பன்னெண்டு நாள்ல மறுபடி பருவத்துக்கு வரும். ஓசைப்படாம ஊசி போட்டுடறேன். சினை சினைதானே? தேதிதான் கொஞ்சம் முன்னப்பின்ன."

அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதின தாள் எதையும் நம்பாத மனுஷன். வாழ்க்கையில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கையை விட்டுப் போயிருக்கிறது.

"போடுங்க" என்றாள் பெண்டாட்டி. "நம்ம சின்னவன் நமக்குக் குழி வெட்டுவானா?"

போட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்துச் செவலை கத்தியது. சின்னவன் குரல் போனில் இறங்கி வந்தது. "மாமா, ஒரு சிக்கல். புது மிஷின் வெச்சிருக்காங்க. மாட்டோட நம்பரை அடிச்சாத்தான் விந்துக் குச்சி வெளியில வருது. செவலை நம்பரை அடிச்சா, 'இந்த மாடு சினை'ன்னு வருது."

"மிஷின்கிட்ட சொல்லு, இல்லைன்னு."

"மிஷின் நான் சொன்னதைத்தான் மாமா சொல்லுது."

மறுநாள் கழகத்துக்குப் போனார். மூன்றாம் மாடி, சினைப் பிரிவு. பொறுப்பாளர் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார். "சினை இல்லைன்னு மாத்தணும், அவ்வளவுதானே? ரொம்பச் சுலபம். சினை கலைஞ்சதுக்குச் சான்று வேணும். கலைஞ்ச கருவைக் கொண்டு வாங்க."

"ஐயா, கருவே இல்லை."

"கலைஞ்சு விழலையா?"

"இல்லாதது எப்படி விழும்?"

"விழலைன்னா உள்ளேதான் இருக்கு." பொறுப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்பாகச் சிரித்தார். "வீணா பயந்துட்டீங்க. கரு பத்திரமா இருக்கு. வாழ்த்துகள்."

அன்றிலிருந்து செவலையின் சினை வளர ஆரம்பித்தது. மாட்டுக்குள் அல்ல, மூன்றாம் மாடியில். மூன்றாம் மாசம் சினை மாட்டுக்கான சிறப்பு ஊட்டப் பொட்டலம் வந்தது. நாலாம் மாசம் ஆலோசகர் ஒரு அம்மாள் வந்து, மாட்டின் மனநிலை எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். "கத்துதுங்க" என்றார் இவர். "எதிர்பார்ப்பு" என்று எழுதினார் அந்த அம்மாள். இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை செவலை கடிகாரம் மாதிரி பருவத்துக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் சின்னவன், "அடுத்த தடவைக்குள்ள எப்படியாவது சரி பண்ணிடறேன் மாமா" என்றான். ஐந்தாவது தடவைக்கு அப்புறம் போனை எடுப்பதையும் நிறுத்தினான்.

"வேலை ஜாஸ்தி அவனுக்கு" என்றாள் பெண்டாட்டி. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழாம் மாசம் பிறந்த அன்றைக்குக் காலையில் பால் கூடத்தில் அவர் கேனை நிறுத்திவிட்டார்கள்.

"செவலைக்கு ஏழாம் மாசம் பொறந்துடுச்சு. மடி வத்த விடணும். பால் எடுக்கக் கூடாதுன்னு கழகத்து உத்தரவு" என்றார் பால் அளப்பவர்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாதா? அது வெறும் வயித்து மாடு."

"எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியாதே."

இரண்டரை லிட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பாலும் போச்சு, கன்றும் இல்லை. தரகர் வாசலில் நின்றிருந்தார்.

அந்த வாரம்தான் கழகத்தில் வெற்றி விழா என்று கடிதம் வந்தது. திட்டத்தில் சேர்ந்த மாடு இருநூற்றுப் பதினான்கு, அத்தனையும் சினை. பத்து மாடுகளை மேடை முன்னால் நிறுத்த வேண்டும். மயிர் மினுமினுப்பாக இருக்கிறது என்று செவலையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

விழா அன்று விடியலில் செவலை கத்தியது. அந்தக் கத்தலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஒத்தமாட்டுக்காரர் வாலை ஒதுக்கிப் பார்த்தார். ஒழுக்கு தரையைத் தொட்டது.

"போகவே வேண்டாம்னு இருந்தேன். இப்பப் போறோம்" என்றார். "நாலு பேர் முன்னாடி இது கத்தட்டும். கண்ணு இருக்கிறவன் பார்க்கட்டும்."

"கண்ணு எதுக்கு? சின்னவன் கையை விட்டுப் பார்த்தாப் போதும்" என்றாள் அவள். "போன்ல என்ன வேணா சொல்லலாம். மாட்டுக்குள்ள கையை வெச்சிட்டு அவன் பொய் சொல்ல மாட்டான். தொழில் பயம் உள்ளவன்."

கட்டடத்துக்கு வெளியே பந்தல். பத்து மாடும் வரிசையாக நின்றன. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே, இருநூற்றுப் பதினான்குக்கு இருநூற்றுப் பதினான்கு! உலகத்தில் எந்த நாட்டிலும் இந்தச் சாதனை இல்லை. ஏன் இல்லை? அங்கெல்லாம் மாட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். நாம் எழுதிவிட்டு மாட்டைப் பார்க்கிறோம். அதனால்தான்—"

செவலை கத்தியது.

"பாருங்கள், தாய்மையின் பூரிப்பு!" என்றார் இயக்குநர்.

செவலை அதோடு நிற்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பக்கத்து மாட்டின் முதுகில் ஏறியது. அந்த மாடு மிரண்டு விலக, இயக்குநரின் படம் போட்ட தட்டி சரிந்து சாணியில் விழுந்தது. கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. "சார், ஏழு மாசச் சினை மாடு எங்கயாவது ஏறுமா?" கொல்லென்று சிரிப்பு.

ஒத்தமாட்டுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை மாசத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

இயக்குநர் கையைத் தூக்கினார். "சந்தேகப்படுவது உங்கள் உரிமை. சந்தேகத்தைத் தீர்ப்பது எங்கள் கடமை. இப்போதே, இங்கேயே பரிசோதனை! எங்கே நம் ஊசிக்காரர்?"

சின்னவன் வந்தான். புதுச் சட்டை. அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், வாளியில் இருந்த சோப்புத் தண்ணீரைப் பார்த்தான். தோள்வரைக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டான். வெறும் கர்ப்பப்பையைத் தொட்டுப் பார்க்க அவனுக்கு அரை நிமிஷம் போதும். ஊரே அறிந்த கை. அன்றைக்கு நாலு நிமிஷம் உள்ளேயே வைத்திருந்தான். செவலை அசையாமல் நின்றது. மேடையில் இயக்குநர் கையில் ஒரு கடித உறை இருந்தது. அதன் மேல் சின்னவன் பேர் கொட்டை எழுத்தில் தெரிந்தது.

ஒத்தமாட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மச்சான், இருக்கிறதைச் சொல்லு. அது போதும்."

சின்னவன் கையை வெளியே எடுத்தான்.

"ஏழு மாசம்" என்றான். "கன்னு அசையுது."

பந்தல் இடிகிற மாதிரி கைதட்டல். இயக்குநர் உறையை நீட்டினார். பன்னிரண்டு வருஷத் தற்காலிகம் அந்த நிமிஷத்தில் நிரந்தரமானது. அவன் கையுறையை உருவிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து வாங்கிக்கொண்டான். செவலையின் கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டினார்கள். கேள்வி கேட்ட ஆள் எங்கேயோ போய்விட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் ஒத்தமாட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்கள் வீட்டு மாடும் அந்த இருநூற்றுப் பதினான்கில் இருந்தது. அவர்களுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் செவலை கத்திக்கொண்டே வந்தது. அவள் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். கொட்டகையில் மாட்டைக் கட்டிவிட்டுப் பட்டையை அவிழ்த்தாள். "தரகரை நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றாள்.

"இன்னும் ஒரு பருவம் பார்க்கலாமா?"

"எத்தனை பருவம் வேணா வரும். ஊசி எங்கேருந்து வரும்?"

மறுநாள் மத்தியானம் தரகரின் வண்டி பின்பக்கமாக வந்து கொட்டகையை ஒட்டி நின்றது. பலகையைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது சின்னவன் வந்தான். குடுவை அவன் பைக்கில் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அக்காவிடம் போனான்.

"அக்கா, இன்னொரு மாட்டு நம்பரை அடிச்சு ஒரு குச்சி எடுத்துட்டு வந்துட்டேன். யாருக்கும் தெரியாது. இப்பவே போட்டுடறேன்."

"நேத்து விடியக்காலையில கத்துச்சு" என்றார் ஒத்தமாட்டுக்காரர். "ஒழுக்கு நின்னு போச்சு. இப்பப் போட்டு என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"தங்கினாலும் தங்கும் மாமா. இல்லைன்னா அடுத்த பருவத்துக்கும் திருட்டுத்தனமா கொண்டு வரேன். நேத்து எனக்கு வேற வழியில்ல. அக்கா, நீயாவது சொல்லேன்."

அவள் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "வேண்டாங்க சார். ஏழு மாசக் கன்னு கலைஞ்சிடும்."

சின்னவன் ஒரு அடி பின்னால் போனான். ஆறு வயசிலிருந்து அவள் வாயில் 'சார்' என்று அவன் கேட்டதில்லை.

தரகர்தான் பதறிப்போனார். "ஏழு மாசமா? என்னங்க இது, சொல்லவே இல்லையே! சினை மாட்டை ஏத்தினா வழியில சோதனைச் சாவடியில வண்டியோட பிடிச்சு வெச்சுடுவாங்க. சினை இல்லைன்னு கழகத்துச் சீட்டு இருந்தாத்தான் ஏத்துவேன்."

"சீட்டுப் புத்தகம் சார் பையிலதான் இருக்கு" என்றாள் அவள்.

"அக்கா..."

"நேத்து கையை விட்டுப் பார்த்தது நீங்கதானே? உள்ள என்ன இருந்துச்சோ அதை எழுதுங்க."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தான். அனுப்பும் மாட்டுக்கான சீட்டு முதல் மாடிக்குப் போகும். சினைப் பிரிவு மூன்றாம் மாடியில். இரண்டு மாடியும் பேசிக்கொள்வதில்லை. ஆகவே அவன் வேலைக்கு ஒரு குறையும் வராது. வண்டியின் பக்கவாட்டில் புத்தகத்தை வைத்து எழுதினான். கிழித்துத் தரகரிடம் நீட்டினான்.

அவள் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எழுத்துக் கூட்டித்தான் அவளுக்குப் படிக்க வரும். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"சி-னை இல்-லை."

இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு சீட்டைத் தரகரிடம் கொடுத்துவிட்டு, "ஏத்திக்குங்க" என்றாள்.